அந்தக் கோணம் எந்த வில்லைப் பார்க்கிறது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகள் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் கணிதத்தில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள், இப்போது வட்டத்துக் கோணங்கள் வந்ததும் தடுமாறுகிறாள். மையக்கோணம், அதாவது வட்டத்தின் மையத்தில் உள்ள கோணம், 130 பாகை என்று கொடுத்துப் பரிதியில், அதாவது வட்டக்கோட்டின் மேல், உள்ள கோணத்தைக் கேட்டிருக்கிறார்கள். மையக்கோணத்தில் பாதி என்ற விதிப்படி 65 என்று எழுதியிருக்கிறாள். விடைப் பக்கத்தில் 115 என்று இருக்கிறது. ‘விதியைச் சரியாகத்தானே போட்டாள்? இன்னும் எத்தனை விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும்? நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள், வீட்டில் எப்படி உதவுவது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கணக்கின் விடை உங்களுக்குப் பெரிதில்லை என்று நினைக்கிறேன். விதி தெரிந்த பிள்ளைக்கு அதை எங்கே போடுவது என்று தெரியாமல் போவது ஏன் என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இடைநிலைப்பள்ளிகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது வார இறுதியில் கோயில் மண்டபத்தில் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறேன். சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். உங்கள் மகள் எழுதிய 65-ஐ நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன், அதுவும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் தாளில். பாதி என்ற விதியே தெரியாத பிள்ளை அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். 65 என்று எழுதியவள் ஒரே ஓர் அடிதான் பின்தங்கி நிற்கிறாள்.

படம் என் கையில் இல்லை. நீங்கள் எழுதியவை மூன்று எண்கள்தான். அவற்றை வைத்து எதை உறுதியாகச் சொல்லலாம், எது என் ஊகம் என்று பிரித்துவிடுகிறேன். மையக்கோணம் 130 பாகை என்றால், அதன் இரண்டு முனைகளையும் பரிதியில் உள்ள ஒரு புள்ளியோடு இணைக்கும்போது உண்டாகும் கோணம் 65-ஆக இருக்கும், அல்லது 115-ஆக இருக்கும். மூன்றாவதாக ஒரு விடைக்கு இடமே இல்லை. இது உறுதி. அந்த இரண்டு முனைகளும் பரிதியை இரண்டு துண்டுகளாகப் பிரிக்கின்றன; அந்தத் துண்டுகளுக்குத்தான் வில் என்று பெயர். அந்தப் புள்ளி பெரிய வில்லில் இருந்தால் 65, சிறிய வில்லில் இருந்தால் 115. புத்தகம் 115 என்று சொல்வதால் உங்கள் மகளின் படத்தில் புள்ளி சிறிய வில்லின் மேல் இருக்கிறது என்று நினைக்கிறேன். இது ஊகம். படத்தைத் திறந்து பாருங்கள்: மையத்தில் 130 என்று குறித்திருக்கும் வாய்ப்பக்கத்திலேயே அந்தப் புள்ளி இருந்தால் நான் சொன்னது சரி. மையத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருந்தால் உங்கள் மகள் எழுதியதுதான் சரி, விடைப் பக்கத்தில்தான் பிழை. பயிற்சிப் புத்தகங்களில் அப்படியும் நேர்வதுண்டு.

இப்போது ஒரு பிஸ்கட் டின் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் வைத்துச் சுற்றி வரைந்தால் வட்டம் கிடைத்துவிடும், கவராயம் தேவையில்லை. பரிதியில் ஏ, சி என்று இரண்டு புள்ளிகளைக் கொஞ்சம் இடைவெளி விட்டு வையுங்கள். இந்த இரண்டு புள்ளிகள் வட்டத்தை ஒரு சிறிய வில்லாகவும் ஒரு பெரிய வில்லாகவும் பிரித்துவிட்டன. மூன்றாவதாகப் பெரிய வில்லில் எங்காவது பி என்று ஒரு புள்ளியை வைத்து, பி-யிலிருந்து ஏ-க்கும் சி-க்கும் கோடு இழுங்கள். பி-யில் ஒருவர் நின்று இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே பார்த்தால் அவருக்கு முன்னால் விரிவது எது? சிறிய வில். பி-யில் உள்ள கோணம் அந்த வில்லைப் பார்க்கிறது. அடுத்து பி-யை அழித்துவிட்டுச் சிறிய வில்லின் மேல் வையுங்கள். அங்கிருந்து பார்த்தால் முன்னால் விரிவது பெரிய வில். கோணமும் வாயை அகலத் திறந்துகொள்கிறது.

விதி சொல்வது இதுதான்: பரிதியில் உள்ள கோணம், தான் பார்க்கிற வில்லின் மையக்கோணத்தில் பாதி. பிள்ளைகள் ‘மையக்கோணத்தில் பாதி’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘தான் பார்க்கிற வில்லின்’ என்பதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் மகளின் கணக்கில் பி பார்ப்பது பெரிய வில்லை. சிறிய வில்லுக்கு மையத்தில் 130 என்றால் பெரிய வில்லுக்கு 360-இல் மீதி, அதாவது 230. அதில் பாதி 115. அவளுக்கு விதி தெரியும், பாதியாக்கவும் தெரியும். எந்த எண்ணைப் பாதியாக்குவது என்பதில்தான் சறுக்கியிருக்கிறாள்.

இதில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் அனுபவம். வில், நாண் (பரிதியின் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் நேர்கோடு), பரிதி என்ற சொற்களைத் தமிழில் கேட்டு வளர்ந்த பிள்ளை, படிவத்துக்குப் போனதும் லெங்கோக், பெரெந்தாஸ், லிலித்தான் என்று மலாயில் படிக்கிறது. சில பள்ளிகளில் ஆங்கிலத்திலும் நடக்கிறது. 2003-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியிலேயே கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடந்தன; அந்தக் காலத்துப் பிள்ளைகள் மூன்று மொழிச் சொற்களையும் சுமந்துகொண்டு என் வகுப்பில் உட்கார்ந்தார்கள். கேள்வியில் ‘இந்த லெங்கோக்’ என்று தெளிவாக எழுதியிருக்கும். அந்தச் சொல்லைத் தாண்டி ஓடிப்போய் எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுடைய நோட்டின் பின்பக்கத்தில் மலாய்ச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை அவள் கையாலேயே எழுதவையுங்கள். சொற்களை அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பத்துச் சொல்தான், ஒரு மாலை வேலை.

பாதி என்பது ஏன் வருகிறது என்று அவளுக்கு யாராவது காட்டியிருக்கிறார்களா? காட்டாவிட்டால் அது வேதவாக்குப் போலத்தான் நிற்கும், மறந்தால் போச்சு. பி-யை மறுபடியும் பெரிய வில்லில் வைத்து, அங்கிருந்து மையம் ஓ வழியாக ஒரு கோடு இழுத்து எதிர்க்கரை வரை கொண்டுபோங்கள், அந்த இடம் டி. ஓஏ, ஓபி இரண்டும் ஆரங்கள், ஆகவே சமம். அப்படியானால் ஓ, ஏ, பி மூன்றும் சேர்ந்த முக்கோணம் இருசமபக்க முக்கோணம். ஏ-யிலும் பி-யிலும் ஒரே அளவுக் கோணம். முக்கோணத்தின் புறக்கோணம் எதிரே உள்ள இரண்டு உள்கோணங்களின் கூட்டுத்தொகை என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஆகவே ஓ-வில் ஏ-க்கும் டி-க்கும் நடுவே உள்ள கோணம், பி-யில் அந்தப் பக்கம் உள்ள கோணத்தைப் போல் இரு மடங்கு. சி பக்கமும் இதேதான். இரண்டையும் கூட்டினால் மையத்தில் உள்ளது முழுவதும் பி-யில் உள்ளதைப் போல் இரு மடங்கு. ஆரங்கள் சமம் என்பதைத் தவிர இங்கே வேறு மூலதனமே இல்லை. பி சிறிய வில்லில் இருக்கும்போது இதே படத்தை வரைந்து பாருங்கள்: டி பெரிய வில்லில் போய் விழுகிறது, கூட்டி வருவது 130 அல்ல, 230. பி மிகவும் ஓரமாக ஒதுங்கிவிட்டால் டி வில்லுக்கு வெளியே போய்விடும், அப்போது கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். அந்த ஒன்றை அவள் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். படம் இல்லாமல் எழுத்தில் சொன்னால் குழப்பும்.

கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் என்ற கிரேக்கக் கணித அறிஞர் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் 20-ஆவது கூற்றாக இது நிற்கிறது. ஒரே வில்லைப் பார்க்கும் பரிதிக் கோணங்கள் சமம் என்பது 21-ஆவது. நான்கு மூலைகளும் வட்டத்தின் மேல் இருக்கிற வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பது 22-ஆவது. யூக்ளிட் 180 பாகையைத் தாண்டிய ஒன்றைக் கோணமாகவே கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே உங்கள் மகள் தடுமாறிய 230 என்ற இடம் அவர் நூலில் இல்லை. 115-க்கு அவர் 22-ஆவது கூற்று வழியாகத்தான் போக முடியும். இதை அவளிடம் சொல்லுங்கள். அவள் மாட்டிக்கொண்டது இலேசான இடம் அல்ல.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எத்தனை விதிகள். மூன்றாம் படிவப் பாடநூலின் 6-ஆம் பாடத்தில் ஐந்தாறு விதிகள் தனித்தனியாக நிற்கின்றன. என் வகுப்பில் நான் ஒன்றைத்தான் எழுதிப்போடுகிறேன்: கோணம், தான் பார்க்கிற வில்லில் பாதி. வில்லின் அளவு என்று நான் சொல்வது அதன் மையக்கோணத்தை. வட்டம் முழுவதும் 360. மற்ற விதிகள் எல்லாம் இந்த ஒன்றின் பிள்ளைகள். ஒரே வில்லை இரண்டு கோணங்கள் பார்த்தால் இரண்டும் அதில் பாதி, ஆகவே சமம். ஒரு கோணம் அரைவட்டத்தைப் பார்த்தால் 180-இல் பாதி, 90. வட்ட நாற்கரத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டு கோணங்கள் ஆளுக்கொரு வில்லைப் பார்க்கின்றன. இரண்டு விற்களும் சேர்ந்தால் முழு வட்டம், 360-இல் பாதி 180. வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுப்போகிற தொடுகோட்டுக்கும் அந்தப் புள்ளியில் தொடங்கும் நாணுக்கும் நடுவே உள்ள கோணமும் அதற்குள் அடங்கிய வில்லில் பாதிதான். அந்தக் கடைசி ஒன்றுக்கு நிரூபணம் தனியாகத் தேவை, ஆனால் நினைவில் வைக்க இது போதும்.

‘ஒரே வில்லைப் பார்த்தால் சமம்’ என்பதை நம்ப மறுக்கும் பையன்களைத் தோட்டத்துத் திடலுக்குத்தான் அழைத்துப்போக வேண்டும். கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர். பெனால்டி புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு கம்பங்களையும் பார்த்தால் கோல்வாய் ஏறக்குறைய 37 பாகை திறந்திருக்கிறது. இரண்டு கம்பங்களும் பெனால்டி புள்ளியும் ஒரு வட்டத்தின் மேல் அமைகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் ஆரம் சுமார் 6.1 மீட்டர். திடலில் கோலுக்கு முன்னால் அந்த வட்டக்கோட்டின் மேல் எங்கே போய் நின்றாலும், இடப்பக்கமோ வலப்பக்கமோ, கோல்வாய் அதே 37 பாகைதான். ஓரத்தில் நிற்பவனுக்குக் கம்பம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கோல் சாய்வாகத் தெரிகிறது, ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. ஒரு முறை கயிறும் சுண்ணாம்பும் கொண்டு இதைத் திடலில் வரைந்தோம். கணக்கு வகுப்பில் வாய் திறக்காத ஒரு பையன் அன்று அந்தக் கோட்டில் ஒவ்வோர் அடியாக நின்று பார்த்துக்கொண்டே போனான்.

அரைவட்டத்தில் செங்கோணம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் கற்பதற்கு முன்பே என் அப்பாவிடம் பார்த்துவிட்டேன். தோட்டத்துப் பட்டறையில் அவர் தச்சர். தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடியாக வட்டப் பலகை ஒன்றை அறுத்து வைத்திருந்தார், நடுவில் கைப்பிடி வைக்க வேண்டும். மூலைமட்டத்தின் மூலை பலகையின் விளிம்பைத் தொடும்படி வைத்தார். அதன் இரண்டு கைகளும் விளிம்பை வெட்டுகிற இரண்டு இடங்களில் பென்சிலால் குறித்து, இரண்டையும் கோட்டால் சேர்த்தார். பலகையைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் அதையே செய்தார். இரண்டு கோடுகளும் வெட்டிய இடத்தில் ஆணியை வைத்துத் துளை போட்டார். விளிம்பில் செங்கோணம் வைத்தால் அது பார்ப்பது அரைவட்டத்தை, ஆகவே அந்தக் கோடு விட்டம், இரண்டு விட்டங்கள் சந்திப்பது மையம். மூடியை வைத்து வரைந்த உங்கள் வட்டத்துக்கும் இப்படியே மையம் கண்டுபிடிக்கலாம். மூலைமட்டம் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகத்தின் மூலை போதும். இதை மகளோடு சேர்ந்து செய்யுங்கள். உங்கள் கைக்கு வருகிற வேலை இது.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். ஏ, பி, சி, டி நான்கும் அந்த வரிசையில் வட்டத்தின் மேல் இருக்கின்றன. ஏபி விட்டம். ஏ-யில், சி-க்கும் பி-க்கும் நடுவே உள்ள கோணம் 28 பாகை. டி-யில், ஏ-க்கும் சி-க்கும் நடுவே உள்ள கோணம் என்ன? பள்ளி வழியில் போனால், ஏபி விட்டம் என்பதால் சி-யில் ஏ-க்கும் பி-க்கும் நடுவே 90. முக்கோணத்தின் மீதிக் கோணம் பி-யில் 62. ஏபிசிடி வட்ட நாற்கரம், பி-க்கு எதிர்க்கோணம் டி, ஆகவே 180-இல் 62 போக 118. வில் வழியில் போனால், ஏ-யில் உள்ள 28 பார்ப்பது பி-யிலிருந்து சி வரை உள்ள வில்லை, ஆகவே அந்த வில் 56. ஏ-யிலிருந்து பி வரை அரைவட்டம், 180. டி பார்ப்பது ஏ-யிலிருந்து பி வழியாக சி வரை, 180-உம் 56-உம் சேர்ந்து 236. பாதி 118. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: வில் வழியில் சரிபார், பள்ளி வழியில் எழுது. தேர்வுத் தாளில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதுவது பாதுகாப்பு. காரணம் எழுதாவிட்டால் மதிப்பெண் குறையுமா என்பது கேள்வியைப் பொறுத்தது. உங்கள் மகளின் ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை அவரிடமே கேட்பது நல்லது.

இந்தப் பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் விழுகிற குழிகள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, வட்டத்துக்குள் இரண்டு நாண்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடம். அது பரிதியும் அல்ல, மையமும் அல்ல. அங்கே உள்ள கோணத்துக்குப் பாதி விதி கிடையாது. முக்கோணத்தின் 180 பாகையை வைத்துத்தான் அங்கே போக வேண்டும். கோணத்தின் உச்சி பரிதியின் மேல் இருக்கிறதா என்பதை அவள் ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

மற்றது கண்ணை நம்புவது. இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிக மதிப்பெண் போகிறது. கேள்வியில் உள்ள படங்கள் பெரும்பாலும் அளவுப்படி வரையப்பட்டவை அல்ல. நடுவில் போவது போல் தெரிகிற கோடு விட்டம் ஆகிவிடாது. விட்டம் என்று எழுதியிருக்க வேண்டும், அல்லது மையம் அதன் மேல் இருப்பதாகச் சொல்லியிருக்க வேண்டும். இணையாகத் தெரிகிற கோடுகள் இணை அல்ல, சமமாகத் தெரிகிற நாண்கள் சமம் அல்ல. பாகைமானியை வைத்து அளந்து விடை கண்டுபிடிக்கவே கூடாது. படத்தைப் பார்ப்பதற்கு முன் கேள்வியைப் படித்து, உறுதியாகக் கொடுக்கப்பட்டவற்றை மட்டும் பேனாவால் படத்தில் குறிக்கட்டும். அவளாக நினைப்பதைப் பென்சிலால் குறிக்கட்டும். பென்சிலில் இருப்பதை வைத்து ஒரு வரியும் எழுதக் கூடாது. என் வகுப்பில் இந்தப் பழக்கம் வந்த பிறகுதான் பலர் தேறினார்கள்.

உங்களால் எப்படி உதவ முடியும் என்று கேட்டீர்கள். நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. அவள் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோணத்தை எழுதும் முன்னும் ‘இது எந்த வில்லைப் பார்க்கிறது? விரலால் காட்டு’ என்று கேளுங்கள். கோணத்தின் இரண்டு கைகளும் பரிதியைத் தொடும் இடங்களுக்கு நடுவே, உச்சி இல்லாத பக்கமாக அவள் விரல் ஓட வேண்டும். உச்சியின் மேல் விரல் ஏறிப்போனால் தவறான வில். இதைச் சரிபார்க்க ஆறாம் ஆண்டுப் படிப்பே அதிகம், கண் இருந்தால் போதும். முதல் சில நாள் அவளுக்கு எரிச்சல் வரும், வரட்டும். இரண்டு வாரம் இதைச் செய்த பிள்ளைகள் பிறகு கேட்காமலேயே விரலை ஓட்டுகிறார்கள்.

இன்னொரு கணக்கைத் தருகிறேன். வரும் சனிக்கிழமை அவளிடம் கொடுங்கள். ஓ வட்டத்தின் மையம். ஏ, பி, சி மூன்றும் வட்டத்தின் மேல் உள்ள புள்ளிகள். ஓஏபிசி ஓர் இணைகரம். பி-யில் உள்ள கோணம் என்ன? எண் ஒன்றுமே கொடுக்கவில்லையே என்று முதலில் கேட்பாள். மையத்தில் உள்ள கோணத்தை எக்ஸ் என்று வைக்கச் சொல்லுங்கள். இணைகரத்தின் எதிர்க்கோணம் என்பதால் பி-யில் உள்ளதும் எக்ஸ். பிறகு பழைய வழக்கப்படி பி-யில் உள்ளது மையத்தில் உள்ளதில் பாதி என்று எழுதினால், எக்ஸ் தன்னுடைய பாதிக்குச் சமம் என்று வந்து நின்றுவிடுவாள். அந்த இடத்தில் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். பி எந்த வில்லைப் பார்க்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். விரல் பெரிய வில்லில் ஓடிய பிறகு, 360-இல் எக்ஸ் போக மீதியில் பாதி என்று அவளே எழுதுவாள். விடை 120 பாகை.